அச்சில் வரட்டும் அந்த 40 எழுத்துகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கணினியில் புதிய இயங்குதளத்தை நிறுவுவது பற்றித் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத கணினியை என்ன செய்வது என்று அன்றிலிருந்து பலரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் கட்டுரைதான். பென்டிரைவை எப்படித் தயார்செய்வது, பூட் மெனு வருவதற்கு எந்த விசையை அழுத்துவது என்பது வரை கட்டுரையாளர் பொறுமையாக எழுதியிருந்தார். ஆனால் பதிவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பு (இயங்குதளம் முழுவதையும் அடக்கிய ஒற்றைக் கோப்பு) உண்மையானதுதானா என்று பார்ப்பதற்கு அவர் ஒதுக்கியது ஒரே ஒரு வாக்கியம். விருப்பம் இருந்தால் சரிபார்த்துக்கொள்ளலாமாம். எப்படி என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்தப் பகுதியில் இணையத்தால் செய்ய முடியாத, உங்கள் நாளிதழால் மட்டும் செய்ய முடிகிற காரியம் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறவே இந்தக் கடிதம்.

நான் கணினித் துறையைச் சேர்ந்தவன் அல்லன். அச்சகத்திலும் பிறகு பதிப்பகத்திலும் மெய்ப்புப் பார்த்து ஓய்வுபெற்றவன். ஓய்வுக்குப் பிறகு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பழகி, உறவினர்களும் நண்பர்களும் மூலையில் போட்டுவிட்ட மடிக்கணினிகளுக்கு மறுவாழ்வு கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எதையும் மூலப்படியோடு ஒத்துப் பார்க்காமல் கையைவிட்டு அனுப்பக் கூடாது என்பது தொழில் கொடுத்த பழக்கம். ஓய்வு பெற்றும் அது போகவில்லை.

நிறுவிய பிறகு ஆன்டிவைரஸ் போட்டுக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. கோப்பைத் திறப்பதானாலும், விசைப்பலகையில் தட்டியதைப் பெறுவதானாலும், மற்ற மென்பொருள்கள் எல்லாம் இயங்குதளத்திடம் கேட்டுத்தான் செய்தாக வேண்டும். அந்த இயங்குதளத்திலேயே யாராவது கைவைத்திருந்தால், அது காட்டுவதைத்தான் ஆன்டிவைரஸும் பார்க்கும். ஆகவே சந்தேகப்பட வேண்டிய நேரம் பென்டிரைவில் எழுதுவதற்கு முன்பு. நிறுவிய பிறகு சந்தேகப்பட்டுப் பெரிய பயன் இல்லை.

இது வெறும் கற்பனைப் பயம் என்று நினைப்பவர்களுக்கு 2016 பிப்ரவரி 20-ஆம் தேதியை நினைவூட்டுகிறேன். அன்று லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள் ஊடுருவியவர்கள், 17.3 பதிப்பின் சின்னமன் வகைக்கான பதிவிறக்க இணைப்பைத் தங்கள் சேவையகத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே கிடைத்த ஐஎஸ்ஓ பார்வைக்கு அசல் மின்ட்தான். உள்ளே 'சுனாமி' என்ற பின்கதவு நிரல், அதாவது வெளியாள் நம் கணினிக்குள் ரகசியமாக நுழைய வழிவிடும் நிரல், ஒளிந்திருந்தது. மின்ட் திட்டத்தின் தலைவர் கிளெமென்ட் லெஃபெவ்ர் நடந்ததை மூடி மறைக்காமல் உடனே அறிவித்தார். அதுவரைக்கும் பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஊடுருவியவர் பின்னர் ஒரு செய்தியாளரிடம் பேசியபோது, பக்கத்திலிருந்த சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்தே மாற்றியதாகச் சொன்னார்; அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்றும் அலட்சியமாகக் கேட்டார். படித்தபோது கோபம் வந்தது. கோபத்தைவிட அதிகமாக உறுத்தியது, அவர் கேட்டதில் தவறில்லை என்பதுதான்.

சரிபார்ப்பு எண் என்பது என்ன என்று கட்டுரையில் இல்லாததால் இங்கே சொல்லிவிடுகிறேன். ஷா-256 என்ற கணக்கீட்டு முறை, கோப்பு எத்தனை ஜிபி இருந்தாலும் அதை 64 எழுத்துகளாகச் சுருக்கித் தரும். பூஜ்யம் முதல் ஒன்பது வரையிலான எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் மட்டுமே அதில் வரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த 64-இல் ஏறக்குறைய எல்லாமே மாறிவிடும். இதைத்தான் ஹேஷ் என்கிறார்கள். இதைக் கணக்கிடும் வசதி விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஏற்கெனவே இருக்கிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. சில பக்கங்களில் இன்னமும் எம்டி5, ஷா-1 என்ற பழைய முறைகளின் எண்களைக் கொடுக்கிறார்கள். எம்டி5-இன் பலவீனம் 2004-இலும் ஷா-1-இன் பலவீனம் 2017-இலும் செய்முறையாகவே நிரூபிக்கப்பட்டுவிட்டன. பதிவிறக்கம் பாதியில் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க அவை போதும். சூழ்ச்சியைக் கண்டுபிடிக்க அவற்றை நம்பக் கூடாது.

அந்த 64 எழுத்துகளைப் பெரும்பாலானவர்கள் எப்படி ஒப்பிடுகிறார்கள் தெரியுமா? முதல் நான்கையும் கடைசி நான்கையும் பார்த்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்கிறார்கள். மெய்ப்புப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கண்ணைப் போல ஏமாற்றும் உறுப்பு வேறில்லை. எதிர்பார்த்தது இருக்கிறது என்று அதுவே முடிவுகட்டிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். சொற்களில் பிழை இருந்தால் பொருள் இடறும், நின்று பார்ப்போம். எண் வரிசையில் இடறுவதற்கு எதுவும் இல்லை. பதிவெண் பட்டியல்களும் அட்டவணைகளும் வந்தால் நாங்கள் இருவராகத்தான் உட்காருவோம். ஒருவர் மூலப்படியை உரக்க வாசிப்பார். மற்றவர் மெய்ப்பில் பென்சில் முனையை வைத்துத் தொடர்ந்து போவார். வாசிப்பவர் மெய்ப்பைப் பார்க்கக் கூடாது, தொடர்பவர் மூலத்தைப் பார்க்கக் கூடாது.

இந்த முறையில்தான் என் பேத்தியை வாசிக்கச் சொல்லி ஒரு ஹேஷை ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியிலேயே அவள் நிறுத்திவிட்டாள். "தாத்தா, கணக்கிட்டு வந்த எண்ணை நகலெடுத்து, அந்த இணையப் பக்கத்தின் தேடல் கட்டத்தில் ஒட்டுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் 'கிடைக்கவில்லை' என்று வந்துவிடும்" என்றாள். உண்மைதான். கணினிக்குக் கண் சோர்வதில்லை. ஹேஷை ஒப்பிட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து எல்லாருக்கும் இதையே சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆனால் இதோடு நின்றுவிட்டால் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர் நம்மையும் ஏமாற்றியிருப்பார். கோப்பு எந்தத் தளத்தில் இருக்கிறதோ, அதே தளத்தில்தான் அதன் சரிபார்ப்பு எண்ணும் இருக்கிறது. ஒன்றை மாற்ற முடிந்தவரால் மற்றொன்றை மாற்ற முடியாதா? வேலிக்கு ஓணான் சாட்சி சொல்லுகிற கதைதான். கோப்பு சேதமில்லாமல் வந்து சேர்ந்தது என்பதற்கு ஹேஷ் சாட்சி சொல்லும். அனுப்பியவர் யார் என்பது அதற்குத் தெரியாது.

அதற்குத்தான் மின்கையொப்பம். உபுண்டு, டெபியன், ஃபெடோரா, மின்ட் போன்ற பெரிய லினக்ஸ் திட்டங்கள் தங்கள் ஹேஷ் பட்டியலின் மீது ரகசியச் சாவியால், அதாவது தங்களிடம் மட்டுமே இருக்கும் ஒரு நீண்ட எண்ணால், கையொப்பமிடுகின்றன. அதற்கு இணையாக எல்லாருக்கும் வெளியிடப்படும் பொதுச் சாவியைக் கொண்டு, ஜிபிஜி என்ற இலவச மென்பொருளின் துணையுடன் நாம் சரிபார்க்கலாம். தளத்துக்குள் புகுந்தவர் கோப்பை மாற்றலாம், எண்ணை மாற்றலாம். ரகசியச் சாவி கையில் இல்லாமல் கையொப்பத்தை மட்டும் போட முடியாது. வேண்டுமானால் அதே பெயரில் ஒரு போலிச் சாவியை உருவாக்கி, 'இதுதான் எங்கள் பொதுச் சாவி' என்று அங்கேயே வைத்துவிடலாம். சாவிக்குப் பெயர் வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

முதன்முறையாக ஜிபிஜியை இயக்குபவர் குழம்பிப்போவது இந்த இடத்தில்தான். திரையில் முதலில் 'நல்ல கையொப்பம்' என்று சொல்லி, சாவியின் பெயரையும் காட்டும். மனம் குளிர்வதற்குள் அடுத்த வரியில் எச்சரிக்கை வரும்: இந்தச் சாவிக்கு நம்பகமானவர் எவரும் சான்று தரவில்லை, பெயருக்குரியவரின் கையொப்பம்தான் இது என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை. அதற்கும் கீழே சாவியின் கைரேகை, அதாவது அந்தச் சாவியை அடையாளம் காட்டும் சுருக்க எண், வரும். மொத்தம் 40 எழுத்துகள். நான்கு நான்காகப் பத்துக் கூறுகள். ஐந்தாவது கூறுக்குப் பிறகு மட்டும் இடைவெளி சற்றே கூடுதல். அந்தக் கூடுதல் இடைவெளியைப் போட்டவர் யாரோ, கட்டாயம் மெய்ப்புப் பார்ப்பவர்களின் கஷ்டம் அறிந்தவர். எச்சரிக்கையைக் கண்டு பயந்து பாதியில் விட்டுவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், 'எப்போதும் இப்படித்தான் வரும்' என்று தள்ளிவிட்டு மேலே போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஜிபிஜி பொய் சொல்லவில்லை. கையொப்பம் இந்தச் சாவியால் போடப்பட்டது என்று மட்டுமே அதனால் சொல்ல முடியும். சாவி யாருடையது என்பதை நாம்தான் வேறு வழியில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அந்த வேறு வழி அதே இணையதளமாக இருக்கக் கூடாது.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். அந்த 40 எழுத்துகளை நீங்கள் அச்சிடுங்கள்.

இயங்குதளம் நிறுவுவது பற்றிக் கட்டுரை வரும்போதெல்லாம், பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தில், அந்தத் திட்டத்தின் கையொப்பச் சாவியின் கைரேகையைக் கொடுங்கள். இணையப் பக்கத்தை நள்ளிரவில் யாரோ ஒருவர் எங்கிருந்தோ மாற்றிவிடலாம். விடியற்காலையில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்ட தாளை எவராலும் மாற்ற முடியாது. ஒரு பிரதியில் சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டுப் பிரதியோடு ஒத்துப் பார்க்கலாம். நூலகத்துக்குப் போனால் பழைய பிரதி கிடைக்கும். கணினியோடு எந்தத் தொடர்பும் இல்லாத சாட்சி நாளிதழ்.

ஐஎஸ்ஓ கோப்பின் ஹேஷையே அச்சிட்டுவிடலாமே என்று உங்கள் உதவி ஆசிரியர் கேட்கக்கூடும். அது நிலைக்காது. புதிய திருத்தப் பதிப்பு வரும்போதெல்லாம் கோப்பு மாறும், ஹேஷும் மாறும். சில மாதங்களில் உங்கள் கட்டம் காலாவதியாகிவிடும். சாவி அப்படியல்ல. உபுண்டு 2012-இல் உருவாக்கிய சாவியைக் கொண்டே பல ஆண்டுகளாகத் தன் ஐஎஸ்ஓ கோப்புகளின் ஹேஷ் பட்டியல்களில் கையொப்பமிட்டு வந்திருக்கிறது.

நாளிதழுக்கு இது புதுமையும் இல்லை. ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இருவர் தொடங்கிய ஷ்யூரிட்டி நிறுவனம், தன் வாடிக்கையாளர்களின் ஆவணங்களைப் பின்னால் எவரும் திருத்தவில்லை என்று நிரூபிப்பதற்காக, 1995 முதல் வாரந்தோறும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் சிறு விளம்பரப் பகுதியில் ஒரு ஹேஷை அச்சிட்டு வந்தது. தொலைந்த பொருள் அறிவிப்புகளுக்கு நடுவே, பொருள் விளங்காத ஓர் எழுத்து வரிசை! அந்த வரியைத் திருத்திய மெய்ப்பாளரைச் சந்திக்க எனக்கு ஆசை. இதைவிடப் பெரிய கதையும் உண்டு. ஜிபிஜிக்கு முன்னோடியான பிஜிபி என்ற மறைகுறியாக்க மென்பொருளை ஃபில் சிம்மர்மன் 1991-இல் வெளியிட்டார். அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடு இத்தகைய மென்பொருளுக்கு இருந்தது, புத்தகத்துக்கு இல்லை. அதனால் பின்னர் அதன் நிரல் முழுவதையும் புத்தகங்களாக அச்சிட்டு, ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய், 1997-இல் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து மறுபடியும் மென்பொருளாக்கினார்கள். ஸ்கேனில் பிழை நுழைந்தால் கண்டுபிடிக்க ஒவ்வொரு வரிக்கும் ஒரு சரிபார்ப்பு எண் சேர்த்திருந்தார்கள். அச்சுத் தொழிலில் இருந்தவனுக்கு இதைக் கேட்கப் பெருமையாக இருக்காதா?

அச்சிடுவதானால் சில நிபந்தனைகள். இவற்றைத் தங்கள் பக்க வடிவமைப்பாளரிடம் காட்ட வேண்டுகிறேன்.

எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் வரும் எழுத்துருவில், நான்கு நான்காகப் பிரித்து, வரிக்கு ஐந்து கூறுகளாக இரண்டு வரிகள். ஒருபோதும் பத்தியின் நடுவே ஓடவிடக் கூடாது. ஓடவிட்டால் வடிவமைப்பு மென்பொருள் வரி முடிவில் தானாக ஒரு இணைப்புக்கோட்டைச் செருகிவிடும். வாசகர் அதையும் சேர்த்துத் தட்டச்சு செய்வார். அடுத்தது எழுத்துரு. பழைய குறியாக்கத்தில் உள்ள தமிழ் எழுத்துரு தப்பித்தவறி அந்த வரிகளின் மேல் பட்டுவிட்டால், ஆங்கில எழுத்துகள் அத்தனையும் தமிழ் உயிர்மெய்க் குவியலாக மாறிவிடும். இது எல்லா அச்சகத்திலும் நடந்திருக்கிறது, நடக்கவில்லை என்பவர் அச்சகத்தில் வேலை பார்த்தவர் இல்லை. கைரேகையில் ஆங்கில ஓ, ஐ இரண்டுமே கிடையாது என்பதால் பூஜ்யத்தையும் ஒன்றையும் பற்றிய பழைய குழப்பம் இங்கே வராது. பி-யையும் எட்டையும், டி-யையும் பூஜ்யத்தையும்தான் உற்றுப் பார்க்க வேண்டும். மெய்ப்பை இருவர் பார்க்கட்டும், ஒருவர் வாசிக்க ஒருவர் தொடர. பிழை நேர்ந்தால் மறுநாளே அதே பக்கத்தில் திருத்தம் வர வேண்டும். நான்காம் பக்கத்து மூலையில் வரக் கூடாது.

கைரேகையை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதும் முக்கியம். அச்சுக்குப் போகும் இரவில் அந்தத் தளத்தைத் திறந்து அப்படியே நகலெடுத்தால், ஊடுருவியவர் வைத்த எண்ணுக்கு உங்கள் நாளிதழே நற்சான்று கொடுத்ததாகிவிடும். பழைய வெளியீடுகளில் உள்ள சாவி, வெவ்வேறு இணைப்புகள் வழியாகக் கிடைத்த பிரதி, ஏற்கெனவே அந்த இயங்குதளம் நிறுவிய கணினியில் இருப்பது எனப் பல இடங்களில் ஒத்துப் பார்த்த பிறகே அச்சேற்ற வேண்டும். செய்தியாளர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு தகவலை இரண்டு இடத்தில் விசாரிக்காமல் போடுவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இடம் போதவில்லை என்று கைரேகையின் கடைசி எட்டு எழுத்துகளை மட்டும் போட்டுவிடாதீர்கள். முன்பு அப்படிச் சுருக்கிச் சொல்லும் வழக்கம் இருந்தது. கடைசி எட்டு எழுத்துகள் அசலைப் போலவே அமைந்த போலிச் சாவிகளை, கணினி விளையாட்டுக்குப் பயன்படும் கிராஃபிக்ஸ் அட்டையைக் கொண்டு சில நொடிகளில் உருவாக்க முடியும் என்று 2014-இல் இரண்டு ஆய்வாளர்கள் செய்து காட்டிவிட்டார்கள். 40 என்றால் 40. கட்டத்தில் கியூஆர் குறியும் வேண்டாம். மெய்ப்பாளர் தன் கண்ணால் வாசிக்க முடியாத ஒன்றில் பிழையை எப்படித் திருத்துவார்? வாசகர் தாளைப் பார்த்துத் தட்டச்சு செய்யட்டும். அதைத் திரையில் உள்ளதோடு ஒப்பிடும் வேலையைக் கணினியிடம் விட்டுவிடலாம்.

இவ்வளவும் செய்தால் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். கையொப்பம் யார் போட்டது என்பதைத்தான் சொல்லும். போட்டவர் நல்லவர் என்று சொல்லாது. கோப்புகளின் அளவைச் சுருக்க லினக்ஸில் பயன்படும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளில் 2024-இல் பின்கதவு வைத்தவர், அதன் பராமரிப்பாளர்களில் ஒருவராகவே இடம்பிடித்தவர். கையொப்பமெல்லாம் முறையாகத்தான் இருந்தது. ஆந்த்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியதால் அந்த மார்ச் மாத இறுதியில் வெளிப்பட்டது.

பென்டிரைவைப் பற்றியும் இரண்டு வரி. சரிபார்த்த கோப்பைக்கூடப் பழுதான பென்டிரைவ் கெடுத்துவிடும். உறையில் போட்டிருக்கும் கொள்ளளவு உள்ளே இல்லாத போலிகளும் உண்டு. எழுதி முடித்ததும் திரும்ப வாசித்து ஒப்பிடும் வசதி, ஐஎஸ்ஓ-வைப் பென்டிரைவில் எழுதித் தரும் எட்சர் போன்ற மென்பொருளில் இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு அவசரப்படக் கூடாது. பூட் ஆகும்போது பென்டிரைவில் உள்ளதைச் சோதிக்கும் வசதி ஃபெடோராவிலும் உபுண்டுவிலும் உண்டு. அது பழுதைக் கண்டுபிடிக்கும். சூழ்ச்சியைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் ஒப்பிட வேண்டிய பட்டியலும் அதே பென்டிரைவில்தான் இருக்கிறது. விண்டோஸ் நிறுவுபவர்கள் மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து நேரடியாகவே எடுக்க வேண்டும். விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ-வின் ஷா-256 எண்களை மொழிவாரியாக அந்தப் பக்கத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். தேவையற்றதை நீக்கி இலகுவாக்கியது என்று யார் யாரோ பகிரும் விண்டோஸ் கோப்புகளுக்கு எந்தக் கையொப்பமும் உதவாது. அவற்றை மாற்றியதாக அவர்களே சொல்கிறார்களே!

முதல் கட்டத்தை அச்சுக்கு அனுப்பும் முன் அதன் மெய்ப்பை எனக்கு அனுப்பிவைத்தால், பேத்தியை வாசிக்கச் சொல்லிப் பார்த்துத் தருகிறேன். ஊதியம் வேண்டாம். மூலப்படியை மட்டும் தனித் தாளில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்

பின்குறிப்பு: அதே கட்டுரையில் ஒரு திருத்தம். ஃபேட்32 என்ற கோப்பு அடுக்கு வடிவத்தில் 4 ஜிபிக்கு மேற்பட்ட பென்டிரைவைப் பயன்படுத்த முடியாது என்று அச்சாகியிருக்கிறது. அந்த வரம்பு பென்டிரைவுக்கு அல்ல, அதில் வைக்கும் தனிக் கோப்புக்கு. ஒரு கோப்பு 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவாக இருக்கும் வரை ஃபேட்32 ஏற்கும். விண்டோஸின் நிறுவல் கோப்புகளில் ஒன்று அந்த அளவைத் தாண்டிவிடுவதால்தான், சில மென்பொருள்கள் அதைத் துண்டாக்கி எழுதுகின்றன அல்லது என்டிஎஃப்எஸ் வடிவத்துக்குப் போகின்றன.